பண்ணை முற்றத்தில் ஒரு சிறுவன்



அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1939-இல் டெர்ரி மாவட்டத்து மாஸ்பான் பண்ணையில் பிறந்தவர். தந்தையார் உழவர், மாட்டு வாணிகமும் செய்தவர். 1995-இல் நோபல் பரிசு பெற்ற இக்கவிஞரின் 1966-ஆம் ஆண்டுத் தொகுதியில் 'தி எர்லி பர்ஜஸ்' என்றொரு கவிதை உண்டு. 21 அடிகளே கொண்டது. எனினும் கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்டோர் எளிதில் கடந்துபோக இயலாதது.

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்து நிற்க, பண்ணையில் வேலை செய்பவன் மூன்று பூனைக்குட்டிகளை வாளியிலிட்டு, அடிகுழாய் நீரைப் பாய்ச்சி மூழ்கடிக்கிறான். அவற்றுக்கு இதுவே நல்லது என்றும் சொல்லிவைக்கிறான். உடல்கள் எருக்குவியலில் எறியப்படுகின்றன. சிறுவன் அஞ்சிப் பல நாள் அவ்விடத்தையே சுற்றி வருகிறான், அவை காய்ந்து மாவதைப் பார்க்கிறான், பிறகு மறந்துவிடுகிறான். எலி பொறியில் அகப்படும்போதும், கிழட்டுக் கோழியின் கழுத்து முறிக்கப்படும்போதும் அச்சம் திரும்ப வருகிறது. வளர்ந்தபின்போ, நாய்க்குட்டிகளை நீரில் அமிழ்த்தும்போது 'அதற்கென்ன' என்றிருக்கிறான். உயிர்வதைத் தடுப்பெல்லாம் நகரத்தார் பேச்சு என்கிறான்.

இம்முடிவையே கவிஞரின் கொள்கையாகக் கொள்வோர் உண்டு. அது பொருந்துமா? 15 அடிகள் அச்சத்துக்கும், 6 அடிகளே அந்தத் துணிவுரைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. துணிவுரையும் அவனுடைய சொந்தப் பேச்சாக ஒலிக்கவில்லை. வாளியருகே நின்றவனிடம் கடன் வாங்கியதாகவே ஒலிக்கிறது. மறந்ததாகச் சொல்பவனுக்குக் குட்டிகள் மூன்று என்னும் கணக்கு மட்டும் தவறவில்லை.

ஏர் பிடித்து வாழ்ந்த தமிழ்ச் சமணர்க்கு இவ்வினா அயலதன்று. உழும்போது மண்ணுயிர் மடியும். அஃது ஆரம்ப இம்சை. கொல்லவேண்டும் என்று எண்ணிக் கொல்வது சங்கல்ப இம்சை. இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டியது இது. பயிரழிக்கும் எலியைப் பற்றி வாதிட ஓரளவு இடமுண்டு. வாளியிலிட்ட பூனைக்குட்டிக்கு அவ்விடமும் இல்லை. தொழிலின் தேவை என்று பெயர் சூட்டிவிட்டால் சங்கல்பம் ஆரம்பமாகிவிடாது.

யசோதர காவியத்தில் யசோதரன், தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். அங்கே உயிரொன்றும் போகவில்லை. ஆயினும் தாயும் மகனும் விலங்கும் பறவையுமாகப் பல பிறவி உழல்கின்றனர். வாளின் கீழிருந்தது என்ன என்பதை அன்று, வாளை ஓங்கிய நெஞ்சினை அக்காவியம் கணக்கில் கொள்கிறது. ஹீனி காட்டும் இளைஞனோ வாளியைத் தொடவே இல்லை. அருகில் நின்று, சரிதான் என்கிறான்.