பூனைக்குட்டியும் அரை மாத்திரையும்



34 ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொல்லியே பழகியவன் நான். அப்படிப்பட்டவன் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் தன் பேத்தியிடம் பாடம் கேட்க நேர்ந்ததை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தாய்ப்பூனையொன்று ஈன்ற குட்டிகளுள் சாம்பல் நிறக் குட்டி ஒன்று எங்களிடமே தங்கிவிட்டது. அதற்கு ஒன்பது வாரம் நிறைந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று முதல் தடுப்பூசி போட்டோம். குடலையும் இரத்தத்தின் வெள்ளணுக்களையும் சீரழித்துச் சின்னஞ்சிறு குட்டிகளைச் சில நாட்களிலேயே மாய்த்துவிடும் கொடிய வைரஸ் நோய் ஒன்றையும், சளியும் வாய்ப்புண்ணும் உண்டாக்கும் வேறிரண்டு வைரஸ் நோய்களையும் தடுப்பது அந்த ஊசி.

காலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, மாலையில் கூடையின் மூலையில் சுருண்டு கிடந்தது. பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன், உடல் சுட்டது. உடனே அலமாரியிலிருந்து நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்து, அதில் பாதியைப் பாலிலே கரைத்தேன். குழந்தைகளுக்கே கொடுப்பதுதானே என்பது என் எண்ணம்.

"தாத்தா, மனிதர் மாத்திரை பூனைக்கு ஆகுமா? டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்களேன்" என்றாள் பேத்தி. எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. ஆயினும் தொலைபேசியில் கேட்டேன். "ஐயா, அந்தப் பாலை முதலில் சாக்கடையில் கொட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்றார் மருத்துவர். என் கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை.

அவர் விளக்கியது இது. பாராசிட்டமாலை நம் கல்லீரல் வேறொரு பொருளோடு இணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றிவிடுகிறது. அவ்வாறு இணைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஆதலின் மருந்து நஞ்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. ஈறுகள் பழுப்பு நிறமாகும். முகமும் பாதங்களும் வீங்கும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடக் கூடுமெனில், ஒரு குட்டிக்குப் பாதி மாத்திரை என்னவாகியிருக்கும்!

உடல் சுட்டதாக நான் கருதியதும் ஓரளவு என் அறியாமையே. நலமாயுள்ள பூனையின் வெப்பநிலை ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். ஏறத்தாழ 98.6 டிகிரி உடல் வெப்பமுள்ள நமக்கு அது எப்போதும் கதகதப்பாகத்தான் தோன்றும். ஊசிக்குப் பின் மெய்யாகவே சிறிது காய்ச்சல் வருவதும் உண்டு. வலிமை குன்றச் செய்த அல்லது உயிரற்ற கிருமியைக் கண்டதும், உடலின் காவற்படை எழுந்து சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை மூளையை எட்டும்போது வெப்பம் ஏறுகிறது, உறக்கம் வருகிறது, பசி மந்தப்படுகிறது. அன்று எங்கள் குட்டி சோம்பிக் கிடக்கவில்லை. உள்ளே கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சோர்வு பெரும்பாலும் ஓரிரு நாட்களில் நீங்கிவிடும். அதுவரை நாம் செய்யவேண்டியவை மிகச் சிலவே. அமைதியான இடத்தில் பழைய புடவையை விரித்துக் குட்டியைக் கிடத்தினோம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, குட்டியைத் தூக்கிக் கொஞ்சவோ கூடாதென்று வீட்டாருக்குச் சொன்னோம். பக்கத்திலே தண்ணீர் வைத்தோம். பாலை நிறுத்திவிட்டோம், பசும்பால் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியிறைச்சியைப் பிய்த்து, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாக வைத்தோம். பூனை மணத்தைக் கொண்டே உணவை நாடுவது; சூடு மணத்தைக் கிளப்பும்.

ஆனால் சில குறிகள் கண்டால் காத்திருக்கலாகாது. ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம் வீங்கினாலும், மேன்மேலும் வாந்தி எடுத்தாலும், மூச்சு இரைத்தாலும், மயங்கி விழுந்தாலும், அது ஒவ்வாமை. அப்போதே மருத்துவரிடம் ஓடவேண்டும். குட்டி ஒரு நாள் முழுதும் ஒன்றும் உண்ணாவிடினும் காட்டவேண்டும். அதன் சிற்றுடலில் சேமிப்பு குறைவு. ஊசி இட்ட இடத்தில் சிறு கட்டி தோன்றினால் அது சில வாரங்களில் கரையும். ஒரு மாதத்திற்குப் பின்னும் வளர்ந்தாலோ, மூன்று மாதம் கழிந்தும் இருந்தாலோ விட்டுவைக்கக் கூடாது.

அன்றிரவு நானும் பேத்தியும் முறைவைத்துக் கூடையருகில் விழித்திருந்தோம். பின்னிரவில் குட்டி எழுந்து இரண்டு துண்டு இறைச்சியைத் தின்றது. மூன்றாம் நாள் காலையில் என் மேசைமீது ஏறி, இந்தப் பேச்சிற்காக நான் எழுதிவைத்திருந்த தாளின் ஓரத்தைக் கடித்துக் கிழித்தது.

தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி சிறிது காலம் ஊசியின் பலனை மறைத்துவிடுமாதலால், பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஊசி போடவேண்டுமாம். அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்திருக்கிறோம். மாத்திரைகள் இப்போது பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. சாவி என் பேத்தியிடம்.