சிற்பி கண்ட முதுமை
(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் ஆலயச் சிற்பங்களில் தெய்வங்கள் பெரும்பாலும் என்றும் இளமையாகவே காட்சி தருகின்றனர். அவர்களுக்கிடையே வற்றி உலர்ந்த ஒரு பெண்ணுருவமும் உண்டு. அவரே காரைக்கால் அம்மையார்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றை விரித்துரைக்கிறார். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே சூட்டினான். பின்னர் மனைவி மகளுடன் அம்மையாரின் திருவடிகளில் வீழ்ந்து வணங்கினான். அம்மையாரோ அழகைத் துறந்து, பேயுருவை வேண்டிப் பெற்றார். தலையால் நடந்து கயிலை ஏறிய அவரை, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் "அம்மையே" என்றழைத்தான்.

அவ்வுருவம் மூப்பினால் வந்ததன்று. ஆயினும் ஒட்டிய வயிறு, தெரியும் விலா எலும்பு, தளர்ந்த மார்பு ஆகியவற்றைச் சிற்பி எங்கே பார்த்துக் கற்றிருப்பான்? தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதையும் அவன் மறைக்கவில்லை, அருவருக்கவும் இல்லை.

முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடும் பெருமானின் திருவடியருகே அம்மையார் அமர்ந்திருக்கிறார். நம் பகுதியிலேயே, கம்போடியாவில் 967ஆம் ஆண்டைச் சேர்ந்த பந்தியாய் ஸ்ரீ ஆலயத்திலும், ஆடவல்லான் அருகிலுள்ள மெலிந்த உருவை அம்மையார் என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத் திருமேனியில், கையில் தாளமேந்தி அமர்ந்திருக்கிறார். எலும்புக்கூடான உடலிலும் முகம் மலர்ந்திருக்கிறது.

அன்பர்களே, இன்று அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், பேச ஆளின்றி எத்தனை பாட்டிமார்கள் இருக்கின்றனர்! முதியோர் இல்லங்களுக்குத் தாங்கள் வழங்கும் நன்கொடை போற்றத்தக்கது. அதனோடு, மாதம் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளுடன் அங்கு சென்று அமருங்கள் என வேண்டுகிறேன்.

அறுபத்துமூவர் திருமேனிகள் உள்ள ஆலயத்திற்குப் பேரக்குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். எல்லாரும் நின்றிருக்க அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். காரணத்தைக் குழந்தை கேட்கும். பதில் சொல்லும் பொறுப்பை வீட்டுப் பெரியவரிடமே விட்டுவிடுங்கள்.

எல்லாம் வல்ல சிவபெருமான் அனைவருக்கும் அருள்புரிவானாக.