கடன் என்ற சொல்



சமயத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவு பற்றிப் பேச்செழுந்தால் நாம் முதலில் நினைவுகூர்வது இரு ஜேர்மானியரைத்தான். துன்பத்தில் உழல்வோர் தேடிக்கொண்ட ஆறுதல் சமயம் என 1844இல் எழுதியவர் கார்ல் மார்க்ஸ். மற்றவர் மக்ஸ் வெபர். இறைவன் தம்மைத் தேர்ந்தெடுத்தானா என்று தெரியாமல் தவித்த கல்வினியர், ஓயாத உழைப்பிலும் சிக்கனத்திலும் அதற்கு அடையாளம் தேடினர். முதலாளித்துவ மனப்பான்மை வளர அது உதவிற்று என்பது 1904-05இல் வெபர் முன்வைத்த வாதம். இவை உங்களிற் பலர் அறிந்தவையே.

நான் இன்று சொல்ல விரும்புவது வோல்ட்டர் பெஞ்சமினைப் பற்றி. 1892இல் பேர்லினில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இலக்கியத் திறனாய்வாளர் இவர். 1921இல் 'முதலாளித்துவம் ஒரு சமயமாக' என்றொரு குறிப்பு எழுதினார். 1940இல் அவர் இறந்தார். குறிப்பு அச்சேறியதோ 1985இல்தான்.

முதலாளித்துவத்துக்குச் சமயம் துணைநின்றது என்பதோடு அவர் நிற்கவில்லை. முதலாளித்துவமே ஒரு சமயம் என்கிறார். அதற்குக் கோட்பாடு இல்லை, வழிபாடு மட்டுமே உண்டு. அந்த வழிபாட்டுக்கு ஓய்வுநாளும் இல்லை. நாணயத்தாள்களின் அலங்காரங்களைப் புனிதர்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் குறித்துவைக்கிறார்.

என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது 'ஷுல்ட்' என்ற ஜேர்மன் சொல். குற்றத்துக்கும் கடனுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். மற்றைய சமயங்கள் குற்றத்துக்குக் கழுவாய் சொல்லும். இதுவோ குற்றத்தைப் பெருக்கவே செய்யும் என்கிறார் பெஞ்சமின். அதே 1921 மே மாதத்தில் ஜேர்மனிமீது 13,200 கோடி தங்க மார்க் போர் இழப்பீடு சுமத்தப்பட்டதையும் இங்கு நினைக்கத் தோன்றுகிறது.

தமிழுக்கும் இது புதிதல்ல. பழைய தமிழ் விவிலியத்தில், கர்த்தர் கற்பித்த செபத்திலே, மன்னிக்கும்படி கேட்கப்படுவது கடனே. கடன்பட்டவன் தெருவில் தலைகுனிந்து நடப்பது ஏன் என்பதை வெபரைவிடப் பெஞ்சமினே எனக்கு விளக்குகிறார்.

ஆயினும் அவர் சற்று மிகைப்படுத்துகிறார் என்றே கருதுகிறேன். ஏழாம் ஆண்டிற் கடனை விட்டுவிடும்படி மோசேயின் சட்டம் கூறுகிறது. முதலாளித்துவ நாடுகளிலும் வங்குரோத்துச் சட்டம் உண்டு. ஆனால் அதன் பயன் வறிய கடன்காரனைவிடக் கம்பனிகளுக்கே எளிதிற் கிட்டுகிறது.

குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1996இல் வெளிவந்த அவரது தேர்ந்த எழுத்துக்களின் முதலாம் தொகுதியில் இருக்கிறது. நாலைந்து பக்கங்கள்தான், ஆறுதலாக வாசிக்க வேண்டும்.