துபாய் டு ராயப்பன்பட்டி: 4 மணி நேரமா, 21 மணி நேரமா?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை.

போன வருஷம் ஒருநாள் விடியக்காலை 5 மணிக்கு, ராயப்பன்பட்டியில எங்க அம்மாச்சி இறந்துட்டாங்க. அவங்க தூக்கி வளர்த்த பேரன், என் அண்ணன், துபாயில வேலை பார்க்கிறான். "அவன் முகம் பார்க்காம எடுக்கக் கூடாது"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க கேட்டாங்க: "பிளைட்டு நாலு மணி நேரம்தானப்பா? சாயங்காலம் அடக்கம் வச்சிரலாம்ல?" கோயில்ல பூசை நேரம் சொல்லணும். கணக்குப் போடுற வேலை என் தலையில விழுந்துச்சு.

அவங்க சொன்ன நாலு மணி நேரம் தப்பில்லை. மதுரை - துபாய் வான்வழி தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்துல மூணரை மணி நேரம். ஓடுபாதையில ஊர்றது, ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்தா நாலு.

ஆனா டிக்கெட்டைப் பார்த்தா குழம்பும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. காலையில 10 மணிக்கு மதுரையில ஏறினா அங்க மதியம் 12.30-க்கு இறங்குவீங்க, ரெண்டரை மணி நேரம்தான் ஆன மாதிரி இருக்கும். மதுரையில இருந்து சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே 3,000 கிலோமீட்டர்தான். அங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதே 10 மணிக்கு ஏறினா இறங்குறப்ப மாலை 4.30. அதனாலதான் நம்ம ஊர்ல பலருக்கு துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம்.

இப்ப அண்ணன் கதைக்கு வர்றேன். மதுரைக்கு அன்னைக்கு சீட் இல்லை. கொச்சிக்குக் கிடைச்சுது. வானத்துல சுமார் 2,800 கிலோமீட்டர், மதுரையை விடக் கம்மி. ஆனா தரையில? மதுரை ஏர்போர்ட்ல இருந்து எங்க ஊருக்கு மூணு மணி நேரம். கொச்சியில இருந்து குமுளி மலைப்பாதை இறங்கி வரணும், அஞ்சு மணி நேரம்.

லீவு, டிக்கெட், ஏர்போர்ட்ல காத்திருப்பு எல்லாம் முடிஞ்சு அவன் கிளம்பினப்ப நம்ம நேரம் மாலை 4. கொச்சியில இறங்கினது இரவு 8. இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வந்தது 9. வீட்டு வாசல்ல கார் நின்னப்ப ராத்திரி 2 மணி.

மொத்தம் 21 மணி நேரம். அதுல வானத்துல இருந்தது நாலே நாலு.

நல்லவேளை, காலையிலயே எல்லார்கிட்டயும் "நாளைக்கு 10 மணிக்குத்தான் அடக்கம்"னு சொல்லிட்டேன். சிலர் முணுமுணுத்தாங்க. ஐஸ் பெட்டி வந்துச்சு. விடியிற வரைக்கும் அண்ணன் அம்மாச்சி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்.

வெளிநாட்டுல இருந்து இதைக் கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க ரூம் கதவுல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் எத்தனை மணி நேரம்னு இன்னைக்கே எழுதுங்க. பக்கத்துல இருக்கிற ரெண்டு மூணு ஏர்போர்ட்டுக்கும் தனித்தனியா எழுதுங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட அதைக் கொடுத்து வைங்க. தேவைப்படுற அன்னைக்கு உட்கார்ந்து கணக்குப் போட யாருக்கும் மனசு இருக்காது.

அடுத்த வாரம் பார்ப்போம்.