கேஸ் ஹீட்டரில் தீ மந்தமா?



உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிருக்கு கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. "பழைய ஹீட்டர்தானே, மந்தமாத்தான் எரியும்" என்று விட்டுவிடாதீர்கள். கேஸ் அழுத்தம் குறைந்தால் காற்று சரியாகக் கலக்காது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகும், கரி படியும். அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் வரும், உயிரையே குடித்துவிடும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையையும் அது தாக்கும்.

கடுங்குளிரில் சிலிண்டருக்குள்ளேயே அழுத்தம் குறையும். அதற்காக சிலிண்டரை அடுப்பருகே வைத்துச் சூடாக்காதீங்க, படுக்கவும் வைக்காதீங்க. ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் தரும்படி அமைக்கப்பட்டது. அதை நீங்களே பிரிக்காதீங்க. மெக்கானிக்கை அழைத்து ரெகுலேட்டர், ரப்பர் குழாய், பர்னர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஹீட்டரைப் பற்றவைக்க வேண்டாம்.

"குளிருதுங்க, ஜன்னலைச் சாத்துங்க" என்று வீட்டில் சொன்னாலும், ஹீட்டர் எரியும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும். படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். தலை சுற்றினால் எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கம்பளியால் போக்கக்கூடிய குளிருக்கு உயிரை விலையாகக் கொடுக்கலாமா?