ஒரு சிரட்டைக் கஞ்சி



மே 18 வந்தால் ஈழத் தமிழர் தெருவோரத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணீர், கொஞ்சம் உப்பு. போவோர் வருவோர்க்கெல்லாம் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதற்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று பெயர்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் முள்ளிவாய்க்கால். 2009இல் போரின் கடைசி நாள்களில் மக்கள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பதுங்குகுழியில் அழுத பிள்ளைகளுக்குக் கொடுக்க இந்தக் கஞ்சிதான் இருந்தது. இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது.

போரில் அழிந்த ஊரை உலகம் எப்படி நினைவில் வைக்கிறது? செக் நாட்டில், பிராக் நகருக்கு அருகே லிடிட்சே என்றொரு சிற்றூர் இருந்தது. 1942 ஜூன் 10 அன்று ஹிட்லரின் ஆட்கள் அவ்வூர் ஆண்கள் 173 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளில் 82 பேரைப் பிறகு கொன்றார்கள். வீடுகளையும் புனித மார்ட்டின் ஆலயத்தையும் தரைமட்டமாக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பங்குத்தந்தை யோசப் ஷ்டெம்பெர்காவுக்கு அப்போது 73 வயது. அவரும் தம் மந்தையோடு மடிந்தார். இன்று அந்த இடம் திறந்தவெளி நினைவிடம். பச்சைப் புல்வெளி, ஆலயத்தின் அடித்தளக் கற்கள், 82 பிள்ளைகளின் வெண்கலச் சிலைகள். பெயரையே அழிக்க நினைத்தார்கள். அந்தப் பெயரை இன்று உலகமே அறியும்.

முள்ளிவாய்க்காலிலும் ஒரு நினைவிடம் உண்டு. அங்கே போக முடியாதவர்களும் எந்த நாட்டிலிருந்தாலும் கஞ்சி குடித்து நினைவுகூருகிறார்கள். நமக்கு இது புதிதல்ல. எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்ட இரவை இஸ்ரயேல் மக்கள் புளியாத அப்பம் உண்டு நினைத்தார்கள். தம்மை நினைப்பதற்கு நம் ஆண்டவரும் தூண் நாட்டச் சொல்லவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். பகிர்ந்து உண்ணும்போது, வஞ்சமாய் இறுகிப் போகக்கூடிய நினைவும் அன்பாகிறது.

அன்பார்ந்தவர்களே, நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அகதி என்ற ஒற்றைச் சொல்லால் அவர்களைக் கடந்துவிடுகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணிமணி கொடுப்போம். ஆனால் உங்கள் ஊர் எது, அங்கே யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? பீடத்தில் நிற்கும் எங்களைப் போன்ற குருக்களும் கேட்டதில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இந்த வாரம் ஒருவேளை நம் வீட்டிலும் கஞ்சி காய்ச்சுவோம். குடிக்குமுன், பெயர் தெரியாமல் அந்த மணலில் கிடப்பவர்களுக்காகக் குடும்பமாய் ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். பிறகு ஒரு நாள் வெறுங்கையோடு முகாமுக்குப் போவோம். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவோம்.

இறந்தோரை ஆண்டவர் தம் இளைப்பாற்றியில் சேர்ப்பாராக. பிழைத்தோரின் குரலைக் கேட்கும் செவியை நமக்குத் தருவாராக. ஆமென்.