பாட்டு முன்னே வர வேண்டும்



பெரிய வெள்ளியன்று நாம் பாடும் பாமாலைகளில் ஜெர்மன் போதகர் பால் கெர்ஹார்ட் எழுதியது ஒன்று உண்டு. முள்முடி அழுத்திய அந்தத் தலையை நேரே பார்த்துப் பேசுகிற பாட்டு. கெர்ஹார்ட் 1607-இல் பிறந்தவர். அவருக்குப் பதினொரு வயதானபோது ஜெர்மனியில் மூண்ட போர் முப்பது வருடம் ஓயவில்லை. அந்தப் பாமாலை அச்சேறியது 1656-இல். அதற்குப் பிறகுதான் சொந்த வீட்டில் சாவு வரிசையாக வந்தது. ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை அடக்கம் பண்ணினார். மனைவியும் போய்விட்டார். கவனியுங்கள், அந்தத் துக்கம் வருமுன்னே பாட்டு கைவசம் இருந்தது! சாவு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு யாரும் புதிதாகப் பாட்டுப் படிக்க முடியாது. ஏழு வயதில் படித்தது எழுபது வயதில் நாவில் வந்து நிற்கும்.

துக்கத்துக்கான பாட்டு வேதத்திலேயே இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கதறலில் தொடங்கி இருளில் முடிகிறது. கடைசி வசனத்தில்கூட விடியவில்லை. அதை யாரும் வேதத்திலிருந்து கிழித்துப் போடவில்லையே. இன்று பல சபைகளில் ஆசீர்வாதமும் வெற்றியும் மட்டுமே பாட்டாக ஒலிக்கின்றன. புதுப்பாட்டுகள் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் போன வாரம் கணவனை அடக்கம் செய்துவிட்டு ஆலயத்தில் வந்து நிற்கிற சகோதரி எதைப் பாடுவாள்? அவளுக்கும் வாயைத் திறக்க ஒரு பாட்டு வேண்டாமா?

அப்படிப்பட்ட பாட்டுகளை நமக்கு விட்டுச்சென்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினைத்துப் பாருங்கள். 1774-இல் பிறந்தவர், மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், தஞ்சை மன்னர் சரபோஜியோடு படித்தவர். தமிழ் மண்ணின் ராகத்திலும் தாளத்திலும் விசுவாசத்தைப் பாட வைத்தார். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவர் பாட்டுகள் இடம்பெற்றன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று மிஷனரிகள் சொன்னபோது எதிர்த்து நின்றவரும் அவரே. அதில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். பழையது என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. மெய்யாய் அழுத பாட்டை, மெய்யாய் நம்பிய பாட்டைக் கைவிடாதீர்கள் என்கிறேன்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நேரமில்லை என்று பல்லவி, முதல் சரணம், கடைசிச் சரணத்தோடு நிறுத்திவிடுகிறோம். பாடியவனுடைய கலக்கம் பெரும்பாலும் நடுச் சரணங்களில்தான் கிடக்கிறது. அதை வெட்டினால் கேள்வி போய்விடும், பதில் மட்டும் மிஞ்சும். கேள்வி கேட்காத வாயில் அந்தப் பதில் எப்படி ருசிக்கும்?

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, மாதம் ஒரு கீர்த்தனையையாவது பிள்ளைகளுக்கு முழுவதும் சொல்லிக்கொடுங்கள். சோர்வைச் சொல்லும் பாட்டு இது, சிறுவர்களுக்கு எதற்கு என்று ஒதுக்காதீர்கள். பாடகர் குழுவினரே, இன்றைய கீர்த்தனைப் போட்டி மேடையிலேயே ஆரம்பியுங்கள். எடுத்த கீர்த்தனையின் எல்லாச் சரணங்களையும் பாடுங்கள். அதற்கான நேரத்தை நடுவர்களிடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.